ஸ்லைடு விளக்கத் திறனுக்கான பயிற்சி மாநாடு: எந்த அமர்வுகளைத் தேர்ந்தெடுப்பது, எப்படித் தயாராவது?

கேள்வி: தரக்கட்டுப்பாட்டுப் பொறியாளர்

அனைவருக்கும் வணக்கம். நான் ஓர் உற்பத்தி நிறுவனத்தின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் பணியாற்றுகிறேன். மாதந்தோறும் நடைபெறும் நிர்வாக ஆய்வுக் கூட்டத்தில் எங்கள் பிரிவின் சார்பில் விளக்கம் அளிக்கும் பொறுப்பு என்னிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளது. தரவுகளைத் திரட்டுவதிலும் பகுத்துப் பார்ப்பதிலும் எனக்குத் தயக்கம் ஏதுமில்லை. ஆனால் அவற்றை ஸ்லைடுகளாக்கி, கூட்டத்தின் முன் நின்று பேசத் தொடங்கினால், சில ஸ்லைடுகள் நகர்வதற்குள்ளாகவே கேட்பவர்களின் கவனம் கலைந்துவிடுகிறது. சிலர் கைப்பேசியை எடுத்துவிடுகிறார்கள். வேறு சிலர், நான் இன்னும் பேசியிராத வரியைத் திரையில் முன்கூட்டியே படித்துவிட்டு அதைப் பற்றிக் கேட்கத் தொடங்குகிறார்கள். கடைசி ஸ்லைடு முடிந்த பிறகு, "சரி, இதில் நாங்கள் எடுக்க வேண்டிய முடிவு என்ன?" என்று தலைமைப் பொறுப்பில் இருப்பவர் கேட்பது வழக்கமாகவே ஆகிவிட்டது.

இந்தச் சூழ்நிலையில், விளக்கக்காட்சித் திறனுக்காகவே நடத்தப்படும் ஒரு பயிற்சி மாநாட்டுக்கு என்னை அனுப்பி வைக்க நிறுவனம் முன்வந்துள்ளது. நிகழ்ச்சி நிரலைப் பார்த்தபோது மலைப்பாக இருந்தது. ஸ்லைடு வடிவமைப்பு, தரவு வரைபடங்கள், அனிமேஷன், கதைபோலச் சொல்லும் முறை, மேடைப் பேச்சு, மென்பொருளின் நுட்பமான வசதிகள் என்று ஒரே நேரத்தில் பல அரங்குகளில் அமர்வுகள் நடக்கின்றன. எல்லாவற்றிலும் கலந்துகொள்ள இயலாது. என் நிலையில் இருப்பவர் எவற்றுக்கு முதலிடம் தர வேண்டும்? போவதற்கு முன் நான் செய்துகொள்ள வேண்டிய ஆயத்தம் என்ன? இவற்றையெல்லாம் கேட்டுவிட்டுத் திரும்பிய பிறகு, அடுத்த மாதக் கூட்டத்தில் கண்ணுக்குத் தெரியும் மாற்றம் ஏதேனும் நிகழ வாய்ப்புண்டா, அல்லது குறிப்பேட்டிலேயே எல்லாம் தங்கிவிடுமா? இத்தகைய மாநாடுகளுக்குச் சென்று வந்தவர்களும், பயிற்சி அளிப்பவர்களும் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: பயிற்றுநர்

வணக்கம், நண்பரே. கூட்டத்தின் முடிவில் உங்களிடம் கேட்கப்படும் அந்தக் கேள்வியிலேயே உங்களுக்குத் தேவையான பயிற்சி எது என்பதற்கான விடை இருக்கிறது. முடிவு என்னவென்று கேட்பவருக்கு உங்கள் ஸ்லைடுகளின் நிறமோ எழுத்துருவோ சிக்கலாகத் தோன்றவில்லை. ஒவ்வொரு ஸ்லைடும் எதைச் சொல்ல வந்தது என்பதுதான் அவருக்குப் பிடிபடவில்லை. ஆகவே, செய்தியைக் கட்டமைப்பது, வாதத்தை வரிசைப்படுத்துவது என்ற பொருளில் அமையும் அமர்வுகளுக்கே முதலிடம் கொடுங்கள். நிரலில் அவை கவர்ச்சியற்ற தலைப்புகளோடு, பெரும்பாலும் சிறிய அரங்கில் போடப்பட்டிருக்கும். அனிமேஷன் அமர்வுகளுக்குக் கூட்டம் அலைமோதும். அதைப் பார்த்து மனம் மாற வேண்டாம்.

இதை வலியுறுத்துவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 2003-ஆம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்காவின் கொலம்பியா விண்ணோடம் புறப்பட்டபோது, வெளி எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைக்காப்புத் துண்டு ஒன்று அதன் இடது இறக்கையில் மோதியது. அந்த மோதலால் ஆபத்து உண்டா என்று ஆராய்ந்த பொறியாளர்கள் தங்கள் முடிவுகளை ஸ்லைடுகளாகவே முன்வைத்தார்கள். அவற்றுள் ஒன்றின் தலைப்பு, சோதனைத் தரவுகள் நம்பிக்கையூட்டுவதாகப் படிப்பவர் எண்ணும்படி அமைந்திருந்தது. அதே ஸ்லைடின் அடிப்பகுதியில், புள்ளிக்குள் புள்ளியாக உள்ளே தள்ளப்பட்ட சிறிய எழுத்தில், மோதிய துண்டின் கன அளவு 1,920 கன அங்குலம் என்றும், சோதனையில் பயன்பட்ட துண்டு 3 கன அங்குலம் மட்டுமே என்றும் குறிக்கப்பட்டிருந்தது. 640 மடங்கு வேறுபாடு! அந்தச் சோதனைத் தரவை இந்த மோதலுக்குப் பொருத்திப் பார்க்கவே முடியாது என்பதுதான் அதன் பொருள். ஆனால் தலைப்பைப் படித்துவிட்டு நகரும் ஒருவருக்கு அது எட்டியிருக்காது. பிப்ரவரி 1 அன்று கொலம்பியா திரும்பும் வழியில் சிதறி, அதிலிருந்த 7 பேரும் உயிரிழந்தார்கள். அந்த ஸ்லைடுதான் விபத்துக்குக் காரணம் என்று சொல்வது நியாயமாகாது. எனினும், விசாரணைக் குழு அதே ஆண்டு வெளியிட்ட அறிக்கையில் அந்த ஒற்றை ஸ்லைடைத் தனியே எடுத்து அலசியது. முழுமையான தொழில்நுட்ப அறிக்கை இருக்க வேண்டிய இடத்தில் ஸ்லைடுகளை வைத்துக்கொள்ளும் பழக்கத்தையும் அது குறைகூறியது. தரக்கட்டுப்பாட்டில் இருக்கும் உங்களுக்கு இதன் கனம் நான் சொல்லாமலே விளங்கும்.

இதற்கு மாற்றாகப் பொறியியல் துறையில் பரவலாகக் கற்பிக்கப்படும் முறை ஒன்றுண்டு. மைக்கேல் ஆலி என்ற அமெரிக்கப் பேராசிரியர் அதைத் தொடர்ந்து வலியுறுத்தி வருகிறார். ஸ்லைடின் தலைப்பு ஒரு முழு வாக்கியமாக, அந்த ஸ்லைடு நிறுவ வரும் கருத்தையே சொல்ல வேண்டும். அதன் கீழே புல்லட் பட்டியல் இல்லாமல், அந்தக் கருத்துக்குச் சான்றாக ஒரு படமோ வரைபடமோ இருக்க வேண்டும். எளிமையாகத் தோன்றினாலும், செய்து பார்க்கும்போதுதான் இதன் கடினம் தெரியும். "மூன்றாம் காலாண்டுக் குறைபாடுகள்: ஒரு பார்வை" என்று தலைப்பிட்டு, அதன் கீழ் நிலையம் வாரியாக ஆறு வரிகளை அடுக்கிய ஒரு ஸ்லைடை எடுத்துக்கொள்வோம். "இந்தக் காலாண்டின் குறைபாடுகளில் பாதிக்கு மேல் இரண்டாம் பற்றவைப்பு நிலையத்தில் இருந்தே வந்துள்ளன" என்று அதன் தலைப்பை மாற்றிப் பாருங்கள். உடனே கீழே இருக்கும் ஆறு வரிகளும் தேவையற்றுப் போகும். நிலையங்களைக் குறைபாட்டின் அளவுப்படி இறங்குவரிசையில் காட்டும் பட்டை வரைபடம் ஒன்று போதும். இரண்டாம் நிலையத்தின் பட்டைக்கு மட்டும் அழுத்தமான நிறம், மற்றவற்றுக்குச் சாம்பல் நிறம். அடுத்த ஸ்லைடின் தலைப்பு, "அந்த நிலையத்தில் சோதனை இடைவெளியைக் குறைக்க ஒப்புதல் வேண்டுகிறோம்" என்று வந்துவிட்டால், முடிவு என்ன என்று கேட்க யாருக்கும் இடமிருக்காது.

ஒரு ஸ்லைடுக்கு இப்படியொரு வாக்கியத்தை எழுத முடியவில்லை என்றால், சொல்வதற்கு அங்கே கருத்து இன்னும் உருவாகவில்லை என்று கொள்ளலாம். அந்த ஸ்லைடை நீக்கிவிடுவதோ பின்னிணைப்புக்கு அனுப்புவதோ நல்லது. தலைப்புகளை மட்டும் வரிசையாகப் படித்தாலே உங்கள் வாதம் முழுதும் விளங்க வேண்டும். விளங்குகிறதா என்று சோதிக்க, அவற்றை வெறும் தாளில் எழுதி, உங்கள் பிரிவைச் சாராத ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

ஆயத்தத்தைப் பற்றிக் கேட்டீர்கள். கடந்த கூட்டத்தில் நீங்கள் உண்மையிலேயே பயன்படுத்திய ஒரு ஸ்லைடுத் தொகுப்பை மடிக்கணினியில் எடுத்துச் செல்லுங்கள். இதைவிடப் பெரிய ஆயத்தம் வேண்டியதில்லை. பயிற்றுநர் தரும் மாதிரிக் கோப்பில் செய்யும் பயிற்சி அரங்கைவிட்டு வெளியே வந்ததும் மறந்துபோகும். உங்கள் கோப்பிலேயே செய்த திருத்தம் அடுத்த மாதமும் அந்தக் கோப்பில் இருக்கும். எனவே ஒரே நேரத்தில் இரண்டு அமர்வுகள் நடந்தால், பங்கேற்பாளர் தம் கைப்பட வேலை செய்யும் பட்டறையையே தேர்ந்தெடுங்கள். மேடையில் ஒருவர் பேச, அரங்கமே கேட்டுக்கொண்டிருக்கும் சிறப்புரைகள் ஊக்கம் தரலாம், திறன் தருவது அரிது. சில மாநாடுகளில் பங்கேற்பாளர்களின் கோப்புகளைப் பார்த்து ஆலோசனை சொல்வதற்கென்றே அனுபவம் வாய்ந்தவர்களை ஒரு மேசையில் அமர்த்தியிருப்பார்கள். அந்த வசதி இருந்தால், முதல் நாளே அங்கே போய் நில்லுங்கள். கடைசி நாளில் வரிசை நீளும்.

பதில்: ஆய்வகப் பணியாளர்

பயிற்றுநரின் கருத்தோடு பெரும்பாலும் உடன்படுகிறேன்; ஆனால் ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மாநாட்டுக்குச் செல்பவர் ஒருவராகவும், ஸ்லைடுகளை வடிவமைக்கும் விதியை வகுப்பவர் வேறொருவராகவும் இருக்கும் வரையில் பயன் குறைவாகவே இருக்கும். பல நிறுவனங்களில், ஒவ்வொரு ஸ்லைடிலும் நிறுவனச் சின்னம், பிரிவின் பெயர், தேதி, ரகசியக் குறிப்பு, அலங்காரப் பட்டை எல்லாம் கட்டாயம் இருக்க வேண்டுமென்று டெம்ப்ளேட் வைத்திருப்பார்கள். தலைப்புக்கு அதில் ஒற்றை வரி இடம்தான் இருக்கும். வாக்கியத் தலைப்பைக் கற்றுக்கொண்டு வந்தாலும் அதை எங்கே எழுதுவீர்கள்?

ஆகவே, போவதற்கு முன்பே உங்கள் மேலாளரிடம் பேசி, ஒரே ஒரு கூட்டத்துக்காவது தலைப்புப் பகுதியை இரண்டு வரி இடமாக விரிக்கவும், சின்னத்தை முதல் ஸ்லைடோடு நிறுத்திக்கொள்ளவும் அனுமதி பெற்றுவிடுங்கள். இதை ஸ்லைடு மாஸ்டரில் ஒருமுறை மாற்றினால் போதும், எல்லா ஸ்லைடுகளுக்கும் பொருந்திவிடும். கூட்டத்துக்கு முந்தைய நாள், சக ஊழியர் இருவர் முன்னிலையில் பேசிப் பார்ப்பதையும் வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். எந்த மாநாடும் இதற்கு ஈடாகாது என்பது என் உறுதியான எண்ணம். உங்கள் துறையின் தரவில் எது முக்கியம், எது பழகிப்போனது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

பதில்: வரைகலை வடிவமைப்பாளர்

வடிவமைப்பு அமர்வுகளை ஒதுக்கிவிட வேண்டும் என்ற எண்ணம் ஏற்பட்டுவிடக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். அழகுக்காக அன்று, படிக்க முடிவதற்காக வடிவமைப்பு தேவைப்படுகிறது. கேட்பவர்கள் முன்கூட்டியே படித்துவிடுகிறார்கள் என்று நீங்கள் சொன்னது மிக இயல்பான ஒன்று. திரையில் எழுத்து இருந்தால் கண் அதைப் படித்தே தீரும். அதே வேளையில் நீங்கள் பேசுவதையும் மனம் வாங்க முயலும். இரண்டும் சொற்கள் என்பதால் ஒன்றையொன்று இடறும். கல்வி உளவியலாளர் ரிச்சர்ட் மேயரின் ஆய்வுகளும் இதையே காட்டுகின்றன: படமும் பேச்சும் சேர்ந்து வரும்போது கற்பவர்களுக்கு விளங்கும் அளவு, அதே பேச்சைத் திரையில் எழுத்தாகவும் சேர்த்துக் காட்டும்போது குறைந்துவிடுகிறது. ஆகவே, நீங்கள் வாயால் சொல்லப்போவதைத் திரையில் எழுதி வைக்காதீர்கள். விவரமாகப் படிக்க வேண்டியவற்றைத் தனிக் கைப்பிரதியாக்கி, கூட்டத்துக்கு முன்போ பின்போ கொடுத்துவிடுங்கள்.

எழுத்து போதிய அளவில் இருக்கிறதா என்பதை வீட்டிலேயே அறிந்துகொள்ளலாம். ஒரு கூட்ட அறையில் கடைசி வரிசையில் இருப்பவர், திரையின் உயரத்தைப் போல் எட்டு மடங்கு தொலைவில் அமர்ந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மடிக்கணினித் திரையின் உயரம் 18 செ.மீ. என்றால், ஸ்லைடை முழுத் திரையில் விட்டுவிட்டு ஏறத்தாழ 1.4 மீட்டர் தள்ளி நின்று பாருங்கள். அங்கிருந்து படிக்க முடியாத எதுவும் பின்வரிசைக்கு எட்டாது. எக்செலில் இருந்து அப்படியே ஒட்டிய அட்டவணைகள் இந்தச் சோதனையில் தேறுவதேயில்லை.

நிற வேறுபாட்டுக்கும் ஓர் அளவுகோல் உண்டு. இணையப் பக்கங்களை மாற்றுத்திறனாளிகளும் எளிதில் பயன்படுத்துவதற்காக வகுக்கப்பட்ட நெறிமுறைகள், சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே 4.5:1, பெரிய எழுத்துக்கு 3:1 என்ற ஒளிர்வு விகிதத்தைக் குறைந்தபட்ச எல்லையாகக் கொள்கின்றன. ஸ்லைடுக்கும் இது பொருந்தும். சொல்லப்போனால், வெளிச்சம் நிறைந்த அறையில் புரொஜெக்டரின் நிறங்கள் வெளிறிப் போவதால் இன்னும் கூடுதலாகவே வைக்க வேண்டும். தரக்கட்டுப்பாட்டு வரைபடங்களில் ஏற்கத்தக்கது பச்சை, ஏற்கத்தகாதது சிவப்பு என்று காட்டுவது பழக்கம். சிவப்பு, பச்சை வேறுபாட்டைச் சரியாகக் காண இயலாத ஆண்கள் கணிசமாக இருக்கிறார்கள். நிறத்தோடு ஒரு குறியோ சொல்லோ சேர்த்துவிடுங்கள். அல்லது நீலத்தையும் ஆரஞ்சையும் கையாளுங்கள்.

தமிழில் ஸ்லைடு செய்பவராக இருந்தால், மாநாட்டில் யாரும் சொல்லித் தராத சில செய்திகளும் உண்டு. பவர்பாயின்டின் வழக்கமான ஆபிஸ் வடிவமைப்பில் உரைப் பகுதியின் வரி இடைவெளி 90 விழுக்காடாக அமைந்திருக்கும். ஆங்கிலத்துக்கு அது போதும். தமிழில், மேல்வரியில் வரும் 'கு', 'மு', 'ழூ' போன்ற எழுத்துகளின் கீழ்நோக்கிய சுழிகளும், கீழ்வரியில் வரும் 'கி', 'தீ' போன்றவற்றின் மேல்நோக்கிய கொம்புகளும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். இடைவெளியை 110 விழுக்காட்டுக்கு மேல் உயர்த்திவிட்டால் படிப்பது எளிதாகும். தமிழ்ச் சொற்கள் அகலமும் எடுத்துக்கொள்ளும் என்பதால், ஆங்கிலத் தலைப்பு ஒரு வரியில் அடங்கும் பெட்டியில் தமிழ்த் தலைப்பு இரண்டு வரிகளுக்கு நீளும். அதற்காக எழுத்தைத் தானாகச் சுருக்கும் வசதியை நம்பாமல், பெட்டியை முன்பே பெரிதாக்குங்கள். ஒருங்குறி (யூனிகோட்) அல்லாத பழைய எழுத்துருக்களில் தட்டச்சிட்ட கோப்பு, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறக்கும்போது பொருளற்ற குறிகளாகத் தெரியும். நிர்மலா, லதா, நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற ஒருங்குறி எழுத்துருக்களையே கையாளுங்கள். அப்படியும், அரங்கில் இருப்பது உங்கள் கணினி இல்லையென்றால், எழுத்துருவைக் கோப்பிலேயே பொதித்துச் சேமிப்பதும், பிடிஎஃப் படி ஒன்றைக் கையில் வைத்திருப்பதும் பாதுகாப்பு.

பதில்: பேச்சுப் பயிற்சியாளர்

இதுவரை எல்லோரும் திரையைப் பற்றியே பேசியிருப்பதால், திரைக்குப் பக்கத்தில் நிற்பவரைப் பற்றிச் சில சொற்கள்.

மாநாட்டில் உங்களைப் பேசவைத்துப் பதிவுசெய்து காட்டும் அமர்வு இருக்குமானால், கூச்சத்தைப் பாராமல் பெயர் கொடுத்துவிடுங்கள். தம் பேச்சைத் தாமே காணொளியில் பார்த்தவர்கள், பிறர் பலமுறை சொல்லியும் திருத்தாதவற்றை ஒரே நாளில் திருத்திக்கொள்வதைத் தொடர்ந்து கண்டு வருகிறேன். திரையைப் பார்த்துக்கொண்டு முதுகைக் காட்டிப் பேசுவது, ஒவ்வொரு ஸ்லைடையும் "அடுத்ததாக" என்ற சொல்லால் தொடங்குவது, லேசர் ஒளியைத் திரை முழுதும் வட்டமிட வைப்பது ஆகியவை பேசுபவருக்குத் தெரிவதேயில்லை.

ஸ்லைடு மாறும் தருணத்தைக் குறிப்பாகக் கவனியுங்கள். பெரும்பாலோர் ஸ்லைடை மாற்றிவிட்டு, அது என்ன என்று தாமும் ஒரு கணம் பார்த்துவிட்டு, பிறகு பேசுகிறார்கள். இந்த வரிசையைத் தலைகீழாக்குங்கள்: வரவிருக்கும் ஸ்லைடுக்கான முதல் வாக்கியத்தைப் பேசத் தொடங்கிவிட்டு, அந்த வாக்கியத்தின் நடுவிலேயே பொத்தானை அழுத்துங்கள். "இந்தக் குறைபாடுகள் எல்லா நிலையங்களிலும் சமமாக இல்லை, இதோ, பாதிக்கு மேல் ஒரே இடத்தில்" என்று நீங்கள் சொல்லும்போது வரைபடம் வந்து நின்றால், கேட்பவர்கள் அதில் எதைத் தேட வேண்டும் என்று தெரிந்துகொண்டே பார்ப்பார்கள். இதற்கு உங்கள் ஸ்லைடுகளின் வரிசை மனப்பாடமாக இருக்க வேண்டும். பேச்சு மனப்பாடமாக இருக்கத் தேவையில்லை. அடுத்த ஸ்லைடையும் குறிப்புகளையும் உங்களுக்கு மட்டும் காட்டும் பேச்சாளர் காட்சி வசதியும் இதற்கு உதவும்.

விவாதம் சூடுபிடிக்கும்போது விசைப்பலகையில் 'B' விசையை அழுத்தினால் திரை கறுத்துவிடும். மீண்டும் அழுத்தினால் ஸ்லைடு திரும்பும். எல்லோருடைய பார்வையும் உங்களிடம் வந்துவிடும். யாரேனும் முந்தைய ஸ்லைடைக் கேட்டால், ஒவ்வொன்றாகப் பின்னோக்கி ஓட்டாமல், அதன் எண்ணைத் தட்டி என்டர் விசையை அழுத்துங்கள், நேரே அங்கே போய்விடும். இதற்காக ஸ்லைடுகளின் எண்களைத் தாளில் எழுதி மேசையில் வைத்திருப்பது நல்லது. சிறிய செயல்தான், ஆனால் கேள்விக்கு உடனே உரிய வரைபடத்தோடு விடை சொல்பவர் மீது கூட்டத்துக்கு ஏற்படும் நம்பிக்கை பெரிது.

பயிற்சிக்கு ஒரு வடிவத்தையும் பரிந்துரைக்கிறேன். 2003-இல் டோக்கியோவில் இரு கட்டடக் கலைஞர்கள் தொடங்கிய பெச்சாகுச்சா என்ற முறையில், 20 ஸ்லைடுகள், ஒவ்வொன்றுக்கும் 20 நொடிகள்; ஸ்லைடு தானாக மாறிவிடும். மொத்தம் 6 நிமிடம் 40 நொடி. அலுவலகக் கூட்டத்துக்கு இந்த வடிவம் பொருந்தாது என்பது உண்மையே. ஆனால் மாதாந்திர விளக்கத்தை ஒருமுறை இந்தக் கட்டுக்குள் பேசிப் பார்த்தால், எந்த ஸ்லைடில் சொல்வதற்கு ஒன்றுமில்லை, எந்த ஸ்லைடில் மூன்று ஸ்லைடுகளுக்கான செய்தி அடைந்து கிடக்கிறது என்பது அப்போதே வெளிப்பட்டுவிடும்.

கேள்வி கேட்டவர்

இவ்வளவு பொறுமையாகவும் விரிவாகவும் வழிகாட்டிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. நிகழ்ச்சி நிரலை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். செய்தியைக் கட்டமைப்பது பற்றிய பட்டறையையும், தரவு வரைபடப் பட்டறையையும், காணொளிப் பதிவோடு கூடிய பேச்சு அமர்வையும் குறித்துக்கொண்டேன். அனிமேஷன் அமர்வுகளை விட்டுவிடுகிறேன். தலைப்புப் பகுதியை விரிக்க மேலாளரும் இசைந்துவிட்டார். ஒரு கூட்டத்தில் சோதித்துப் பார்த்துவிட்டு மேற்கொண்டு முடிவெடுக்கலாம் என்றார்.

ஒரு சிக்கல் மட்டும் எஞ்சியிருக்கிறது. சொந்த ஸ்லைடுத் தொகுப்பையே எடுத்துச் செல்லுமாறு பயிற்றுநர் கூறினார். எங்கள் குறைபாட்டு எண்களும் வாடிக்கையாளர் பெயர்களும் வெளியாட்களின் பார்வைக்குச் செல்லக்கூடாதவை. எண்களை மாற்றிவிட்டுக் கொண்டுபோனால் பயிற்சியின் பயன் குறைந்துவிடுமா? மாற்றுவதென்றால் எதையெதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: பயிற்றுநர்

அவசியம் மாற்ற வேண்டும். அதனால் பயன் குறையாது. எண்களுக்கிடையே உள்ள உறவு அப்படியே இருந்தால் போதும். எல்லா மதிப்புகளையும் நீங்கள் மட்டும் அறிந்த ஓர் எண்ணால் பெருக்கிவிட்டால், வரைபடத்தின் தோற்றம் மாறாது, எந்தப் பட்டை உயரம் என்ற செய்தியும் மாறாது. உண்மையான அளவு மட்டும் மறைந்துவிடும். ஆனால் விழுக்காடுகளாகக் கொடுத்திருந்தால் பெருக்கினாலும் கூட்டுத்தொகை காட்டிக்கொடுக்கும் என்பதால், அந்த எண்களைச் சற்றே முன்பின்னாகத் திருத்திவிடுங்கள். வாடிக்கையாளர் பெயர்களுக்குப் பதிலாக 'முதல் வாடிக்கையாளர்', 'இரண்டாம் வாடிக்கையாளர்' என்று எழுதிக்கொள்ளலாம்.

திரையில் தெரிபவற்றைத் திருத்தியதோடு நின்றுவிடக்கூடாது. எக்செலில் இருந்து வரைபடத்தை ஸ்லைடில் ஒட்டும்போது பணிப்புத்தகத்தையே உட்பொதிக்கும் தெரிவு இருக்கிறது. அப்படி ஒட்டியிருந்தால் அந்த வரைபடத்துக்கான தாள் மட்டுமல்லாமல், அதே கோப்பின் மற்றத் தாள்களும் ஸ்லைடுக்குள் குடியேறியிருக்கும். வரைபடத்தின் தரவைத் திருத்தும் கட்டளையைக் கொடுத்தாலே யாரும் அவற்றைத் திறந்து பார்த்துவிடலாம். புதிய எக்செல் கோப்பில் மாற்றிய எண்களை மட்டும் இட்டு, அதிலிருந்து வரைபடத்தை மறுபடியும் உருவாக்குவதே சரி. அதேபோல, ஒரு படத்தின் ஓரத்தை வெட்டி மறைத்திருந்தாலும், வெட்டிய பகுதி கோப்பில் அப்படியே இருக்கும். படங்களைச் சுருக்கும் கட்டளையில், வெட்டிய பகுதிகளை நீக்கும் தெரிவைத் தேர்ந்தெடுத்தால்தான் அது உண்மையிலேயே போகும். ஸ்லைடுகளின் கீழுள்ள பேச்சாளர் குறிப்புகள், மறைத்து வைத்த ஸ்லைடுகள், சக ஊழியர்கள் எழுதிய கருத்துரைகள், கோப்பின் பண்புகளில் பதிந்திருக்கும் பெயர்கள் ஆகியவற்றையும் பாருங்கள். பவர்பாயின்டில் உள்ள ஆவணச் சோதிப்பு வசதி இவற்றில் பலவற்றைத் தானே கண்டுபிடித்து நீக்கித் தரும். மூலக் கோப்பில் அதை இயக்காமல், தனியாக ஒரு படி எடுத்து அதில் இயக்குங்கள், ஏனெனில் நீக்கியவற்றைத் திரும்பப் பெற முடியாமல் போகலாம்.

எல்லாம் முடிந்ததும் அந்தப் படியை உங்கள் மேலாளருக்கு அனுப்பி, வெளியே கொண்டுசெல்ல எழுத்துமூலமான ஒப்புதல் பெற்றுவிடுங்கள். மாநாட்டில் உங்கள் ஸ்லைடைப் பெரிய திரையில் காட்டி அலசலாமா என்று பட்டறை நடத்துபவர் கேட்கக்கூடும். அப்போது தயங்காமல் சம்மதிக்க அந்த ஒப்புதல் கைகொடுக்கும்.